ஸ்னோமொபைலுக்குக் கூடுதல் டேங்க்: பின்னால் பூட்டும் கேனா, குழாய் போட்டு இணைக்கும் டேங்கா?

பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலில் கூடுதல் பெட்ரோல் கொண்டுபோக எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேன் வாங்குங்கள். கையால் கழற்றி, கையால் தூக்கி, கையால் ஊற்றக்கூடிய கேன். நீங்கள் கேட்டிருக்கும் இன்னொன்று, அதாவது மெயின் டேங்கோடு குழாய் போட்டு இணைத்தால் தானாகவே பெட்ரோல் இறங்கும் என்று விற்கிறார்களே, அந்த டேங்க் வேண்டாம். குறைந்தபட்சம் முதல் இரண்டு சீசனுக்காவது வேண்டாம்.

நீங்கள் புதிதாக வண்டி வாங்கியிருக்கிறீர்கள், நாலு பேரோடு சேர்ந்து நீளமான டிரெயில், அதாவது காட்டுப் பனிப்பாதை, போக ஆசைப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. கனடாவில், வடக்கு ஒன்டாரியோவின் டிம்மின்ஸ் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். ஆனால் ஏழு குளிர்காலமாக ஸ்லெட் (இங்கே ஸ்னோமொபைலை அப்படித்தான் சொல்வோம்) ஓட்டுகிறேன், நீங்கள் கேட்கும் அதே டேங்கை என் கையால் மாட்டி, அதனால் மூன்று விரல்நுனி போகப் பார்த்தவன். அதனால் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

என்னுடையது 600 சிசி டூ-ஸ்ட்ரோக். டேங்க் 38 லிட்டர். சமன்படுத்திய டிரெயிலில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் தரும், புதுப்பனியில் இறங்கினால் நான்குதான். 2022 பிப்ரவரியில் காக்ரேன் என்ற ஊரிலிருந்து வடக்கே அபிடிபி கேன்யன் அணைப் பக்கம் போய்த் திரும்பலாம் என்று திட்டம் போட்டோம். வழியில் பங்க் இருக்கும் என்ற நம்பிக்கையில் போகிற இடம் இல்லை அது. சட்பரியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் வந்திருந்தார், அந்தப் பக்கம் முப்பது வருடமாக ஓட்டுகிறவர். அவர் வண்டியில் இரண்டு சிவப்பு கேன், ரப்பர் பட்டையால் கட்டியது. என் வண்டியில் புதிதாக வாங்கிய 20 லிட்டர் டேங்க், நான்கு போல்ட் போட்டு டன்னலில், அதாவது சீட்டுக்குப் பின்னால் நீளும் உலோக உடலில், இறுக்கியது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்வது புரியும். மெயின் டேங்குக்குள் காற்று வர ஒரு வென்ட் குழாய் உண்டு. அந்தக் குழாயைப் பின்டேங்கின் அடியோடு இணைத்துவிடுவார்கள். எஞ்சின் பெட்ரோலை இழுக்க இழுக்க மெயின் டேங்கில் வெற்றிடம் உண்டாகும், காற்று வர வேண்டிய வழியில் பின்டேங்கின் பெட்ரோல் வரும். பின்டேங்க் தீர்ந்த பிறகுதான் மெயின் டேங்க் குறையத் தொடங்கும். பம்ப் கிடையாது, வயர் கிடையாது. எலெக்ட்ரீஷியனான எனக்கே அது பிடித்துப்போனது. கராஜில் சூடு போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது.

ஆனால் இது எல்லாம் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது: மெயின் டேங்கின் மூடி காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். அன்றைக்குக் காலை மைனஸ் 31. மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போயிருக்கிறது. காற்று மூடி வழியாகவே உள்ளே வந்துவிட்டது. பின்னால் இருந்த பெட்ரோலுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. கேஜ் முள் ஆரம்பத்திலிருந்தே இறங்கியது, அதை நான் பார்த்தேன், அப்போதே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. திரும்பி வரும்போது காக்ரேனுக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர் இருக்க வண்டி அணைந்துவிட்டது. அண்ணன் இறங்கி வந்து பின்டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பெற்றோல் இருக்கு, அது எஞ்சினுக்குத்தான் போகேல்ல" என்றார். அவருடைய கேன் இரண்டும் அதற்குள் அவர் வண்டிக்கே ஊற்றி முடிந்திருந்தது.

இருபது லிட்டர் பின்னால் இருக்கிறது, எடுக்க வழி இல்லை. போல்ட்டைக் கழற்றித் தூக்கலாம் என்றால் அந்த சைஸ் ஸ்பேனர் கராஜில். உறிஞ்ச ஒரு ஹோஸ் இல்லை. கடைசியில் வென்ட் குழாயின் கிளிப்பைக் கழற்றி, குழாயைக் கீழே இறக்கி, காலியான டூ-ஸ்ட்ரோக் ஆயில் பாட்டிலில் பிடித்துப் பிடித்து மெயின் டேங்கில் ஊற்றினோம். ஏறக்குறைய ஒரு லிட்டர் பாட்டில், பதினான்கு தடவை. கிளிப்பைக் கையுறையோடு கழற்ற முடியாது, குழாய் முனையை விரலால் அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். பெட்ரோல் அந்தக் குளிரில் உறையாது, அதுதான் ஆபத்தே. மைனஸ் 31இல் இருக்கிற திரவம் அதே குளிரோடு தோலில் ஒட்டுகிறது, ஆவியாகும்போது இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வலது கையில் மூன்று விரல்நுனி வெள்ளையாகிவிட்டது. மறுநாள் கொப்புளம். இன்றைக்கும் குளிர் வந்தால் அந்த மூன்றும் முதலில் மரத்துப்போகும்.

சிலர் வந்து, மூடி நல்லதாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எழுதுவார்கள். உண்மைதான். எலெக்ட்ரிக் பம்பும் சுவிட்சும் வைத்து மாற்றுகிற செட்டப் வேறு என்பதும் உண்மை. ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்திலும் லாப்ரடாரிலும் பின்னால் சறுக்குவண்டி கட்டி டிரம் டிரம்மாக இழுத்துப்போகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை, அவர்களிடமிருந்து நான்தான் கற்க வேண்டும். நான் பேசுவது வாரக்கடைசியில் இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகிற உங்களுக்கும் எனக்கும். கேனில் என்ன கோளாறு வந்தாலும் அதை நீங்கள் பார்க்கலாம், தூக்கிப் பார்த்தால் எடை தெரியும், பக்கத்து வண்டி நின்றால் அவருக்கும் கொடுக்கலாம்.

இதைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொப்புளத்தின் படத்தை எங்கள் நண்பர்கள் குழுவில் போட்டபோது டொராண்டோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் எழுதியது, "உன்னை யார் அந்தக் காட்டுக்குப் போகச் சொன்னது, ஒழுங்காகக் கனடாவுக்கு வந்து சேர்." டிம்மின்ஸ் கனடா இல்லையா? ஒவ்வொரு பொங்கலுக்கும் டொராண்டோவுக்கு எழுநூறு கிலோமீட்டர் பனியில் ஓட்டிக்கொண்டு நாங்கள் போகிறோம், குழந்தைகளோடு. ஏழு வருடத்தில் ஒருவர் கூட இங்கே வந்ததில்லை. இங்கே எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, குளிர்காலத்தை வீட்டுக்குள் அடைந்து கழிக்காமல் வெளியே போக ஒரு வண்டி இருக்கிறது. அதைப் பைத்தியம் என்று சொல்ல அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சரி, விடுங்கள்.

கேனுக்கு வருகிறேன். உங்கள் வண்டி ஸ்கீ-டூ கம்பெனி என்றால் அவர்களுடைய லிங்க் (LinQ) என்ற பூட்டில் மாட்டுகிற கேன் சுலபம், வேறு வண்டி என்றால் ரோட்டோபாக்ஸ் மாதிரித் தட்டையான கேன் நடுவில் ஒரு பூட்டோடு வரும். எதுவானாலும் பெட்ரோலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும், தண்ணீர் கேனில் ஊற்றாதீர்கள். அடியில் ஒரு ரப்பர் பாய் போடுங்கள், இல்லையென்றால் அதிர்வில் உரசியே ஓட்டை விழும். பதினைந்து லிட்டர் என்றால் பெட்ரோல் மட்டுமே பதினோரு கிலோ, அதுவும் வண்டியின் கடைசியில். முன்னால் இருக்கும் ஸ்கீ (சறுக்குப் பட்டை) லேசாகி வளைவில் திரும்ப மறுக்கும், அதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்க வேண்டும். டன்னலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும், பாருங்கள்.

கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள். டிரக்கின் பிளாஸ்டிக் விரிப்பு மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரத்தில் தீப்பொறி வரலாம், இது என் தொழில், இதை நம்பலாம். மைனஸ் 40 பக்கத்தில் கூடப் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். கழுத்து வரை நிரப்பாதீர்கள். வெளியே மைனஸ் 25இல் நிரப்பிய 20 லிட்டரைச் சூடான கராஜுக்குள் கொண்டுவந்தால் முக்கால் லிட்டர் அளவுக்கு விரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம், கேனைக் கடைசி வரை காப்பாற்றி வைக்காதீர்கள். மெயின் டேங்கில் அது கொள்ளும் அளவுக்கு இடம் வந்த உடனே, வெளிச்சம் இருக்கும்போதே, கையில் சூடு இருக்கும்போதே, எஞ்சினை அணைத்து ஊற்றிவிடுங்கள். பின்பாரமும் குறையும். அப்புறம் டூ-ஸ்ட்ரோக் என்றால் கூடுதல் பெட்ரோலுக்குத் தகுந்த ஆயிலும் வேண்டும், 20 லிட்டருக்கு அரை லிட்டராவது வையுங்கள். ஒரு மீட்டர் ஹோஸும் சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

வாங்குவதற்கு முன் கேனின் மூக்கை, அதாவது ஊற்றும் முனையை, பாருங்கள். இப்போது வருகிற ஸ்பிரிங் வைத்த மூக்குகளில் நிறைய குளிரில் இறுகிவிடும், தடித்த கையுறையோடு அமுக்கவே முடியாது. வாங்கியதும் ஒரு ராத்திரி முழுக்க வெளியே வைத்து, காலையில் கையுறையோடு திறந்து பாருங்கள். காலி கேனாகவே வையுங்கள், பெட்ரோல் ஊற்றிவிட்டால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.