குழாயை எடுத்த பிறகும் புராஸ்டேட் மாத்திரை தேவையா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. சளிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைச் சாப்பிட்ட மறுநாள், அவருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. புராஸ்டேட் வீக்கம் என்று கூறி, சிறுநீரை வெளியேற்றக் குழாய் (கதீட்டர்) போட்டார்கள். டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடு இரண்டும் சேர்ந்த மருந்தும் கொடுத்தார்கள். மூன்று நாளில் குழாயை எடுத்துவிட்டார்கள், இப்போது சிறுநீர் நன்றாகப் போகிறது. மருந்தை நிறுத்திவிடலாமா? அடுத்த மாதம் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சையும் நடக்கவிருக்கிறது.

பதில்: நிறுத்த வேண்டாம். அடைப்பு நீங்கியதே தவிர, அதற்குக் காரணமான வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையைச் சுற்றி அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. அது பெரிதாகும்போது அந்தப் பாதையை நெருக்குவதோடு, சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகளின் இறுக்கமும் சேர்ந்துகொள்கிறது. டாம்சுலோசின் இந்த இறுக்கத்தைத்தான் தளர்த்துகிறது. சில நாட்களிலேயே பலன் தெரியும் என்பதால் குழாயை எடுப்பதற்கு முன்பே அதைத் தொடங்குகிறோம். இதே வகையைச் சேர்ந்த அல்ஃபுசோசினை வைத்து நடந்த ஓர் ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் சுமார் 62 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 48 சதவீதத்தினரும் குழாய் எடுத்தபின் தாமாகச் சிறுநீர் கழித்தார்கள். உதவி உண்மையானது, ஆனால் அளவானது.

டாம்சுலோசின் சுரப்பியைச் சுருக்குவதில்லை. அந்த வேலையைச் செய்வது டூட்டாஸ்டெரைடு. சுரப்பியை வளரச் செய்யும் ஹார்மோன் உருவாவதைத் தடுத்து, சுரப்பியின் அளவை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது. ஆனால் முழுப் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். 2003-இல் வெளியான, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வில், தசையைத் தளர்த்தும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்குத் திடீர் அடைப்பு வரும் வாய்ப்பு நீண்டகாலத்தில் குறிப்பிடும்படிக் குறையவில்லை. டூட்டாஸ்டெரைடு வகையைச் சேர்ந்த ஃபினாஸ்டெரைடு எடுத்தவர்களுக்குக் கணிசமாகக் குறைந்தது. உங்கள் தந்தைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததன் காரணம் இதுதான். சுரப்பி உண்மையிலேயே பெரிதாக இருந்தால் மட்டுமே இரண்டாவது மருந்தால் பயன் உண்டு என்பதால், ஸ்கேனில் அதன் அளவு என்ன என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்புரை விஷயம் முக்கியமானது. டாம்சுலோசின் எடுப்பவர்களுக்கு அறுவைச் சிகிச்சையின்போது கண்ணின் கருவிழிப்படலம் (ஐரிஸ்) தொய்ந்து, அதன் நடுவிலுள்ள கண்மணி சுருங்கிவிடக்கூடும். மருந்தைச் சில நாள் முன்னதாக நிறுத்தினாலும் இந்த ஆபத்து நம்பகமாக நீங்குவதில்லை. ஆகவே நீங்களாக நிறுத்தாமல், மருந்துச் சீட்டைக் கண் மருத்துவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் அவர் அதற்கேற்ற ஏற்பாடுகளோடு சிகிச்சை செய்வார்.

எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல் வரலாம். இரவில் கழிவறைக்குப் போகும்போது சற்று உட்கார்ந்திருந்துவிட்டு எழச் சொல்லுங்கள். விந்து வெளியேறுவது குறையலாம், பாலுறவில் நாட்டமும் குறையலாம். இதைப் பெரும்பாலான ஆண்கள் மகனிடமோ மகளிடமோ சொல்ல மாட்டார்கள் என்பதால், மருத்துவரைத் தனியாகப் பார்த்துப் பேச அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். டூட்டாஸ்டெரைடு ஆறு மாதம் எடுத்தபின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் புரதம்) அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதனால் அறிக்கையில் வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். மருந்து எடுக்கும்போதே அது ஏறினால் புற்றுநோய் இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால், உடைந்த மாத்திரையை அவர்கள் தொடக் கூடாது.

சளி மாத்திரையை இனி மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். மூக்கடைப்பை நீக்கும் ஃபினைல்எஃப்ரின் போன்றவை சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும். தும்மலுக்கான குளோர்பெனிரமைன் சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். பல கூட்டு மாத்திரைகளில் இவை இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

மீண்டும் அடைப்பு வந்தாலோ, அடிக்கடி தொற்று ஏற்பட்டாலோ, சிறுநீர்ப்பையில் கல் உருவானாலோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ மாத்திரையை நம்பி நாளைக் கடத்தாமல் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். சிறுநீர் வராமல் அடிவயிறு கனத்தாலும், குளிர்க் காய்ச்சல் வந்தாலும், சிறுநீரில் ரத்தக்கட்டி தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.