நடைபாதை அரிப்புக்கு யாரிடம் நிதி கேட்பது? வாசகர் கேள்விகள்

கே: அண்ணாச்சி, படித்துறைக்குப் போகிற பாதையில் தினமும் ஐம்பது அறுபது பேர் நடக்கிறோம். 2023 டிசம்பர் மழை அரித்தது அப்படியே கிடக்கிறது. ஆளுக்கு இரண்டாயிரம் போட்டால் ஒரு லட்சம் தேறும். மீதியை அரசு தருமா?
(கல்லிடைக்குறிச்சி வாசகர்)

ப: ‘நமக்கு நாமே’ திட்டம் இதற்குத்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். உங்கள் ஒரு லட்சத்துக்கு மூன்று லட்ச ரூபாய் வேலை நடக்கும். ஆனால் பணம் வசூலிக்கக் கிளம்பும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் விவரப் பதிவேட்டை, பாருங்கள். பாதை போகிற புல எண் வண்டிப்பாதையா, ஆற்றுப் புறம்போக்கா? பாதை என்றால் பேரூராட்சியோடு முடிந்துவிடும். ஆற்றுப் புறம்போக்கு என்றால் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் மண்வெட்டியே இறங்காது. நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் மனு எழுதினேன். பாதையில் பாதி யாரோ ஒருவருடைய பட்டாவில் இருந்தது. இரண்டு வருஷம் போச்சு.

கே: திருக்குறுங்குடி நம்பி மலைப் பாதை மழைக்கு ஓடையாகிவிடுகிறது. எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் சிமென்ட் படி கட்டச் சொல்லலாமா?

ப: தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி. கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிற பாதை. வனத்துறை தலையசைக்காமல் யார் பணமும் அங்கே கல்லாக மாறாது. வனச்சரக அலுவலரைப் பாருங்கள். காட்டோர ஊர் மக்களை வைத்து வனத்துறை நடத்தும் சூழல் மேம்பாட்டுக் குழு வழியாகக் கேளுங்கள்.

அப்புறம், சிமென்ட் படி வேண்டாம். தண்ணீர் படியின் ஓரத்தில் இறங்கி அடிமண்ணைத் தின்னும். நாலு மழையில் படி அந்தரத்தில் தொங்கும், ஜனங்கள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதுத்தடம் போடுவார்கள், அதுவும் அரிக்கும். செய்ய வேண்டியது தண்ணீரைப் பாதையிலிருந்து வெளியேற்றுவதுதான். இருக்கிற காட்டுக் கல்லை எடுத்து, பாதைக்கு நேர்குறுக்காக இல்லாமல் சாய்த்துப் பதியுங்கள். கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும். தாழ்ந்த முனையில் தண்ணீர் இறங்க ஒரு சின்ன வாய் வெட்டி, அங்கே நாலு உருட்டுக்கல் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த வாயே ஓடையாகும். வருஷத்துக்கு இரண்டு தரம், சாரலுக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், சருகை வாரி அந்த வாயைத் திறந்துவிட வேண்டும். இந்தக் கூலியையும் மதிப்பீட்டில் எழுதுங்கள். முக்கால்வாசிப் பேர் மறந்துபோவது இதைத்தான்.

கே: பாதை வேலைக்கு நிதி கேட்டு எங்கள் அறக்கட்டளை மூன்று கம்பெனிகளுக்கு எழுதியும் பதிலே இல்லை.
(பாளையங்கோட்டை)

ப: உங்கள் கடித நகல் பார்த்தேன். ‘பொருள்:’ என்று தொடங்கும் வரியிலேயே ‘நடைபாதை அழகுபடுத்துதல்’ என்று இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி, ஒரு வருஷத்தில் நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதி ஒதுக்க வேண்டும். கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். எதற்குச் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதில் மண் வளம், நீர் வளம் காப்பது இருக்கிறது, அழகு இல்லை. தலைப்பை ‘மண் அரிப்புத் தடுப்பு’ என்று மாற்றுங்கள். வருமான வரித்துறையில் அறக்கட்டளைக்கு உள்ள பதிவும் (12ஏ, 80ஜி என்பார்கள்), இந்த நிதியை வாங்க கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து பெறும் சி.எஸ்.ஆர்-1 எண்ணும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். மழை பெய்யும்போது எடுத்த படம் ஒன்று வையுங்கள். வெயிலில் எடுத்த படத்தில் எந்தப் பாதையும் நல்ல பாதைதான். மார்ச்சில் அனுப்பாதீர்கள், அப்போது பை காலி.

கே: அமெரிக்காவில் இருக்கிற மகன், அங்கே இதற்கென்றே தனி மானியம் உண்டு என்கிறானே?

ப: உண்டு. ரிக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம் என்று பெயர். காட்டுப் பாதையில் ஓட்டும் வண்டிகளுக்கான எரிபொருள் வரியிலிருந்து வருகிற பணம், மாநிலங்கள் வழியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு உள்ளூர்க்காரர்கள் போட வேண்டும், அதுவும் முதலில் செலவு செய்துவிட்டு ரசீது காட்டித்தான் வாங்க வேண்டும். நம் ஊர் ஆட்கள் அங்கே விண்ணப்பிக்க வழியில்லை.

கே: வெட்டிவேர் நட்டால் மட்டும் போதுமா?

ப: பாதையின் சரிந்த ஓரத்துக்குப் போதும். வேர் ஆள் உயரத்துக்கும் மேல் நேராகக் கீழே இறங்கும். நடக்கிற தடத்தில் நட்டால் மிதிபட்டே சாகும். நெருக்கமாக, ஒரு சாண் இடைவெளிக்குள் வரிசையாக நடுங்கள். முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று நடுவதற்கு முன்பே பேசி வையுங்கள்.