சுடோகு தந்தவருக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் கூடிச் சுடோகு என்னும் எண்கட்டப் புதிர் போடும் நீங்கள், மறைந்த மாக்கி காஜிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோவர்ட் கார்ன்ஸையும் சேர்த்து நினையுங்கள். 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்தப் புதிரை அமைத்தவர் அவர்தான் என்று கருதப்படுகிறது. அது உலகம் சுற்றியதைப் பார்க்காமலே 1989இல் போய்விட்டார். 1984இல் ஜப்பானில் அதற்குப் பெயர் வைத்து வளர்த்தவர் காஜி. 2021 ஆகஸ்ட் 10இல், 69 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

அவருடைய நிக்கோலி நிறுவனம் கணினியிடம் விடாமல், மனிதர் கையால் புதிர் அமைப்பதில் பிடிவாதமாக இருந்தது. கட்டத்தில் முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்கும் எண்களின் இடங்கள்கூடச் சமச்சீராக இருக்கும். அந்த அழகு எனக்கு உயிர். அதனால் மாலை, படம் எல்லாம் அப்புறம்; ஆளுக்கொரு கட்டம் கையால் அமையுங்கள். விடை ஒன்றே ஒன்றுதானா என்று சரிபார்த்து, அங்கிருக்கும் தமிழ், மலையாளப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.