பூமி கிழக்கே சுழலும்போது மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டாமா?

கேள்வி கேட்டவரின் கணக்கு இது: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, அப்படியென்றால் லண்டனிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்தை நோக்கி நியூயார்க் தானே ஓடி வர வேண்டும், பயண நேரம் குறைய வேண்டும். நடப்பது நேர்மாறு. போக எட்டு மணி நேரம் ஆகும், திரும்பி வர ஏழு மணி நேரம் போதும், சில நாள் அதற்கும் குறைவு. பைலட்டுகளுக்கு இது முன்கூட்டியே தெரியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

விமான நிறுவனமொன்றில் டிஸ்பாட்ச் வேலை பார்க்கிறேன். அதாவது விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் போட வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போடும் வேலை. அதனால் என் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த "ஊர் ஓடி வரும்" விஷயத்தை முடித்துவிடலாம். பூமி தனியாகச் சுற்றுவதில்லை, காற்றையும் சேர்த்துக்கொண்டுதான் சுற்றுகிறது. ஓடும் பஸ்ஸுக்குள் பறக்கும் ஈக்கு பஸ்ஸின் வேகம் கணக்கில் வராது, அது போலத்தான் விமானத்துக்கும். தரையில் நிற்கும்போதே பூமியின் வேகம் அதற்கு இருக்கிறது, மேலே போனாலும் அதை விட்டுவிட்டுப் போவதில்லை. ஆக, சுழற்சி நேரடியாக எந்த நேரத்தையும் மிச்சப்படுத்தாது.

ஆனால் மறைமுகமாக எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. மேலே வீசும் காற்று ஏன் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது என்று கேட்டால், பதில் அந்தச் சுழற்சியில் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு சுமார் 1670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது, 30 டிகிரி அட்சரேகையில் 1450 கிலோமீட்டர்தான். நிலநடுக்கோட்டில் சூடாகி மேலேறும் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது அச்சுக்கு நெருங்கி வருகிறது, நெருங்க நெருங்க அதன் கிழக்கு வேகம் கூடும். உராய்வு எதுவும் இல்லாமல் 30 டிகிரி வரை வந்துவிட்டால் தரையைவிட மணிக்கு 480 கிலோமீட்டர் வேகமாக ஓட வேண்டும் என்கிறது கணக்கு. நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனாலும் பாதி வேகம் சர்வசாதாரணம். அதுதான் துணை வெப்பமண்டல ஜெட் காற்று (உயரத்தில் ஆறு போல வேகமாக ஓடும் காற்றுக்குத்தான் ஜெட் என்று பெயர்). இன்னும் வடக்கே, வெப்பக் காற்றும் துருவக் குளிர்காற்றும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு ஜெட் இருக்கிறது. அங்கே தெற்கிலிருந்து வடக்கே போகப் பார்க்கும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்பிவிட, அதுவும் கிழக்கே ஓடுகிறது. லண்டன்–நியூயார்க் விமானத்தைப் படுத்துவது இந்த இரண்டாவது ஆள்.

2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது, நினைவிருக்கலாம். தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1300 கிலோமீட்டருக்கு மேல். ஒலியை மிஞ்சிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் கூட ஓடியது. மிஞ்சவில்லை, சுற்றியிருக்கும் காற்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

சுழலும் வேகம் மாறினால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நிலநடுக்கோட்டில் ஏறிய காற்று நம் பூமியில் 30 டிகிரி பக்கம் வந்து கீழே இறங்குகிறது, இறங்கும் காற்று மழை தராது, அதனால்தான் சஹாரா, தார், ஆஸ்திரேலியப் பாலைவனம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைப் பட்டையில் கிடக்கின்றன. பூமி மெதுவாகச் சுற்றினால் அந்தக் காற்று இன்னும் தூரம் போய் இறங்கும், பாலைவனப் பட்டை துருவப் பக்கம் நகரும். வெள்ளி ஒரு தடவை சுற்ற 243 பூமி நாள் எடுத்துக்கொள்கிறது, அங்கே காற்று ஏறி இறங்கும் இந்தச் சுழல் 60 டிகிரி வரை நீள்கிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் சுற்றிவிடுகிறது, அதனால்தான் அதன் மேல் அத்தனை கோடு கோடான பட்டைகள். (ஆனால் வெள்ளியிலும் உயரத்து மேகங்கள் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் நாலே நாளில் கோளைச் சுற்றி வந்துவிடுகின்றன. கோளைவிட அதன் காற்று வேகமாகச் சுற்றுகிறது. "மெதுவாகச் சுற்றினால் காற்றும் மெதுவாக வீசும்" என்று யாராவது எளிதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.)

சரி, பைலட்டுகளுக்கு எப்போது தெரிந்தது? ரொம்பத் தாமதமாக. 1920-களில் ஜப்பானின் தடேனோ வானிலை ஆய்வகத்தில் வசாபுரோ ஓஇஷி என்பவர் பலூன்களை விட்டு அளந்து, குளிர்காலத்தில் 9–10 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று வீசுவதைக் கண்டுபிடித்துவிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-ல் அதை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார்! மனுஷர் ஜப்பானிய எஸ்பெராண்டோ கழகத்தின் தலைவர் வேறு. உலகத்துக்கே பொதுமொழி என்று நினைத்து எழுதினார், வெளியே கிட்டத்தட்ட யாருமே கண்டுகொள்ளவில்லை. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டி, குண்டுகளில் பெரும்பாலானவை இலக்கைத் தப்பி விழுந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் உறைத்தது.

அதற்குப் பிறகும் பயணிகள் விமானங்களுக்கு அது முழுதாக வந்து சேரவில்லை. 1947 ஆகஸ்ட் 2-ம் தேதி ஸ்டார் டஸ்ட் என்ற பிரிட்டிஷ் லங்காஸ்ட்ரியன் விமானம் 11 பேருடன் புவனஸ் அயர்ஸிலிருந்து ஆண்டிஸ் மலையைத் தாண்டி சாண்டியாகோவுக்குக் கிளம்பியது, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே. வானிலை மோசமாக இருந்ததால் மேகத்துக்கு மேலே, சுமார் 24,000 அடிக்கு ஏறியிருக்கிறார்கள். மேலே போகப் போக ஜெட் காற்று முகத்தில் அடித்துத் தள்ளியது. கீழே எல்லாம் மேகம், தரை தெரியவில்லை, அப்படி ஒரு காற்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கடிகாரத்தையும் வேகத்தையும் வைத்துப் போட்ட கணக்கில் மலையைத் தாண்டியாகிவிட்டது. மாலை 5:41-க்கு ரேடியோ ஆபரேட்டர் மோர்ஸில் தட்டினார்: சாண்டியாகோ வந்து சேரும் நேரம் 5:45. கடைசியில் ஒரு புரியாத சொல், "ஸ்டெண்டெக்" (STENDEC). சாண்டியாகோ ஆபரேட்டர் புரியவில்லை, திரும்ப அனுப்பு என்றார். அதையே இன்னும் இரண்டு தடவை வேகமாகத் தட்டினார்கள். அதோடு சரி. உண்மையில் விமானம் சாண்டியாகோவுக்குச் சுமார் 80 கிலோமீட்டர் கிழக்கே, துபுங்காதோ மலைக்கு இந்தப் பக்கமே இருந்தது, கீழே இறங்க ஆரம்பித்து நேராகப் பனியாற்றில் மோதிவிட்டது. 1998-ல் மலையேறிகள் இரண்டு பேர் பனியிலிருந்து வெளியே வந்த எஞ்சினைப் பார்க்கும்வரை ஐம்பது வருஷம் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. வேற்றுக்கிரகவாசி கதையெல்லாம் கட்டினார்கள்.

அந்தச் சொல்லுக்கு எத்தனையோ விளக்கம் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நானே காகிதத்தில் எழுதிச் சரிபார்த்தேன். அந்த ஏழு எழுத்துகளின் புள்ளி, கோடுகளை இடைவெளி விடாமல் எழுதினால், "எஸ் சி டி ஐ" என்ற சாண்டியாகோ லோஸ் செரியோஸ் விமான நிலையக் குறியீட்டையும் "செய்தி முடிந்தது" என்பதற்கான மோர்ஸ் குறியையும் சேர்த்து எழுதியதுபோல் ஒரு புள்ளிகூட மாறாமல் வருகிறது. அந்த நான்கெழுத்துக் குறியீடு 1947-ல் புழக்கத்தில் இருந்ததா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. அது எப்படியோ போகட்டும், அந்தச் சொல் புரிந்திருந்தாலும் யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள். தவறு சொல்லில் இல்லை, 5:45 என்ற எண்ணில்தான் இருந்தது, அது எல்லாருக்கும் தெளிவாகவே கேட்டது.

இன்றைய ரேடியோ பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரி எண்களைச் சுற்றித்தான். நடுக்கடலில் சாதாரண ரேடியோ எட்டாது, ரொம்ப தூரம் எட்டும் எச்.எஃப் ரேடியோவில் கரகரப்புக்கு நடுவே, எந்த இடம், எத்தனை மணிக்குக் கடந்தோம், என்ன உயரம், அடுத்த புள்ளியை எப்போது கடப்போம், அதற்கடுத்தது எது என்று அதே வரிசையில் சொல்வார்கள். இப்போது இதில் பெரும்பங்கு டேட்டாலிங்க்கில், அதாவது எழுத்துச் செய்தியாக, தானாகவே போய்விடுகிறது, ஆனாலும் எச்.எஃப் இன்னும் ஓய்வு பெறவில்லை. எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும், ஒன்பதை "நைனர்" என்று இழுக்க வேண்டும், கேட்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காற்று "டூ செவன் ஜீரோ, ஒன் டூ ஜீரோ" என்றால் 270 டிகிரியிலிருந்து, அதாவது நேர் மேற்கிலிருந்து, 120 நாட் (மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர்) வேகத்தில் வருகிறது. எங்கே போகிறது என்பதல்ல, எங்கிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நம் ஆட்கள் வைத்த பெயர்களும் அதே முறைதான்.

கிளம்பும் முன்பே இதெல்லாம் கையில் இருக்கும். லண்டன், வாஷிங்டன் ஆகிய இரண்டு மையங்கள் உலகம் முழுமைக்கும் உயரத்துக் காற்றின் வரைபடம் தருகின்றன. அதில் முக்கோணக் கொடி ஒன்றுக்கு 50 நாட், முழுக்கோடு 10, அரைக்கோடு 5. இரண்டு கொடியும் இரண்டு முழுக்கோடும் பார்த்தால் அது அந்த 120 நாட்தான். அட்லாண்டிக்கில் அன்றன்றைய காற்றுக்கு ஏற்பத் தினமும் புது வழித்தடம் போடுகிறார்கள்: கிழக்கே வருபவை ஜெட் மேல் ஏறிக்கொள்ளும், மேற்கே போகிறவை சுற்றினாலும் பரவாயில்லை என்று விலகிப் போகும். ஏர் இந்தியா 2016-ல் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுக் கிழக்கு நோக்கிப் பசிபிக் வழியாக அனுப்பியது இதே காரணத்துக்காகத்தான், 1400 கிலோமீட்டர் அதிக தூரம், ஆனால் நேரம் குறைவு.

கடைசியாக, இது எல்லாம் வடக்கத்திய கதை என்று நினைக்க வேண்டாம். தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவின் தலைக்கு மேல், 14–15 கிலோமீட்டர் உயரத்தில் தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் ஓடுகிறது. வெயிலில் சூடான திபெத் பீடபூமிக்கு மேலிருந்து தெற்கே வழியும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம், அதாவது மேற்கே, திருப்பிவிடுவதால் வருவது. இதை 1958-ல் ஆராய்ந்து எழுதியவர் நம் வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம். அதன் கீழ் விளிம்பு விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தொடும், அதனால் ஜூலை, ஆகஸ்டில் சென்னையிலிருந்து துபாய் போகிறவர்களுக்கு முதல் பாதி வழி பின்காற்று கிடைக்கும். நீங்கள் எதிர்பார்த்த மாதிரி மேற்கே போகிறவர் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்றால், அந்த இரண்டு மாதத்தில் டிக்கெட் போடுங்கள்.