சளியும் இல்லை, இருமலும் இல்லை... பிறகு ஏன் காய்ச்சல்?

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசிப் பத்தியில் இருக்கும் மூன்று வரிகள். "ஆறு மாதத்தில் மூன்று முறை கடும் காய்ச்சல் வந்தது. சளி, இருமல் எதுவும் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுத்தோம், இரண்டே நாளில் சரியாகிவிட்டது." படுக்கையை நனைப்பதற்கும் சிறுநீர் நுரைப்பதற்கும் பக்கம் பக்கமாகப் பயந்திருக்கிறீர்கள். இதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். நான் பயப்படுவது இதற்குத்தான்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் 5 வயது மகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கவில்லை. டயாலிசிஸ் பற்றி இரவெல்லாம் இணையத்தில் தேடிப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கிரியாட்டினின் 0.4 என்று ரிப்போர்ட்டில் தனியாகக் குறியிட்டுக் காட்டியிருப்பது, அந்த அளவுகோல் பெரியவர்களுக்கானது என்பதால். கிரியாட்டினின் தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு, சிறுநீரகம் கெட்டால்தான் அது ஏறும். சின்னக் குழந்தைக்குத் தசை குறைவு, எண்ணும் குறைவு. 5 வயதுக்கு 0.4 இயல்பான அளவுதான்.

நுரை: வேகமாக விழும் சிறுநீர் நுரைக்கத்தான் செய்யும். நீங்கள் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் இல்லை, சர்க்கரையும் இல்லை. அத்துடன் அந்தக் கவலை முடிந்தது. காலையில் எழுந்திருக்கும்போது கண் இமை வீங்கியிருந்து, கூடவே நுரையும் வந்தால் அது வேறு கதை, அன்றே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். (அலர்ஜி என்று நினைத்து வாரக்கணக்கில் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டு வரும் குழந்தைகளை நான் பார்க்கிறேன்.) உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

காலைச் சிறுநீர் மஞ்சளாக இருப்பது இயல்பு. இரவில் படுக்கையை நனைப்பதும் இந்த வயதில் நோய் கிடையாது. 5 வயதுக் குழந்தைகள் நூறு பேரில் சுமார் 15 பேர் நனைப்பார்கள், வருடம் ஆக ஆகத் தானாகவே நிற்கும். ஆறு மாதமோ அதற்கு மேலோ நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைத்தால்தான் காரணம் தேட வேண்டும். உங்கள் மகள் பிறந்ததிலிருந்தே நனைக்கிறாள், திட்டாமல் விட்டுவிடுங்கள்.

இனி காய்ச்சலுக்கு வருகிறேன்.

இந்த வயதில் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் மூக்கு ஒழுகும், தொண்டை வலிக்கும், இருமல் இருக்கும், இல்லையென்றால் வயிற்றுப்போக்கு இருக்கும். ஏதாவது ஒரு பக்கம் கை காட்டும். எதுவுமே கை காட்டாத காய்ச்சல் என்றால் சிறுநீர்த் தொற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும், அதிலும் பெண் குழந்தை என்றால் கட்டாயமாக. நம் குடலிலேயே இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். சிறுநீர்ப்பையோடு நின்றால் எரிச்சல், அடிக்கடி போவது, துர்நாற்றம் இவ்வளவுதான். காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாக இருக்கும். அதுவே மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் காய்ச்சல் கொதிக்கும், நடுக்கம் வரும், வாந்தி வரலாம். சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சலே இல்லாமல் இப்படி வெறும் காய்ச்சலாகவே வருவது சகஜம். "சிறுநீர் போகும்போது அழவே இல்லை, அதனால் தொற்றாக இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது.

சிறுநீரகத்தைத் தொட்ட தொற்றுக்கு நாள் தள்ளாமல் சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சுவடே இல்லாமல் ஆறிவிடும். தள்ளிப்போனாலோ, அரைகுறையாக வைத்தியம் பார்த்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் தழும்பு விழலாம். தழும்பு வலிக்காது. குழந்தை ஓடியாடி விளையாடும். கிரியாட்டினினும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் மீதி நல்ல பகுதி வேலையை இழுத்துச் செய்துவிடும்.

9 வயதுப் பெண் ஒருத்தியைத் தலைவலி என்று அழைத்துவந்தார்கள். கண் பரிசோதனை முடிந்து கண்ணாடியும் போட்டாயிற்று, தலைவலி போகவில்லை. அவள் கைக்குச் சரியாகப் பொருந்தும் சின்னப் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தேன். நம்ப முடியாமல் பத்து நிமிடம் படுக்கவைத்து மறுபடி பார்த்தேன். 150க்கு 100, அந்த வயதுக்கு மிக அதிகம். ஸ்கேனில் இடது சிறுநீரகம் சுருங்கி, ஓரமெல்லாம் பள்ளம் பள்ளமாக இருந்தது. பழைய தழும்பு, ரத்த அழுத்தத்தை ஏற்றுவது அதுதான். அவள் அம்மாவிடம் பழைய கதையைக் கேட்டபோது சொன்னார்: "சின்ன வயசுல அடிக்கடி காய்ச்சல் வரும் டாக்டர். சிரப் குடுத்தா போயிடும்." உங்கள் கடிதத்தின் மூன்று வரிகள் என்னை ஏன் நிறுத்தின என்று இப்போது புரியும்.

உங்கள் மகளுக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. அந்த மூன்று காய்ச்சலும் வெறும் வைரஸ் காய்ச்சலாகவே இருந்திருக்கலாம். சிரப் கொடுக்காவிட்டாலும் அதே இரண்டு நாளில் போயிருக்கலாம். ஆனால் அதை இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போனாலும் சிறுநீரில் இருக்கும் கிருமி கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், வளராமல் போய்விடலாம். நோய் உள்ளே இருக்கும், பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்று சொல்லும். நீங்கள் கொடுத்த மருந்தின் அளவு சரியா, அந்தக் கிருமி அதற்குக் கட்டுப்படுமா, எத்தனை நாள் கொடுக்க வேண்டும், எதுவும் தெரியாது. காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருக்கிறீர்கள். சிறுநீரகத் தொற்றுக்கு வழக்கமாக 7 முதல் 10 நாள் கொடுக்க வேண்டும். அப்புறம், தூளில் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த சிரப்புக்கு ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். நீங்கள் மூன்றாம் முறை கொடுத்தது மாதக்கணக்கான பாட்டில். இன்றே அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த காய்ச்சலில் என்ன செய்ய வேண்டும்? 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டி, சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் எடுத்தாக வேண்டும். பாரசிட்டமால் எடைக்குத் தகுந்த அளவில் கொடுக்கலாம், அது கல்ச்சரைக் கெடுக்காது. ஆன்டிபயாடிக் மட்டும் சிறுநீர் எடுத்த பிறகுதான். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை சும்மா இருக்க மாட்டோம். சிறுநீரைக் கொடுத்த உடனேயே மருத்துவர் மருந்து தொடங்கிவிடுவார், முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். சரியான மருந்து என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் திரும்பக் காட்டுங்கள்.

சிறுநீர் எடுப்பதில்தான் பாதி ரிப்போர்ட் கெட்டுப்போகிறது. வெறும் தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், டெட்டால் வேண்டாம். கால் இரண்டையும் நன்றாக விரித்து உட்கார வையுங்கள். முதலில் வரும் கொஞ்சத்தைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கத்திலோ மூடியின் உள்பக்கத்திலோ விரல் படக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோங்கள். வெளியே வைத்திருந்தால் நாலு கிருமி நாற்பதாயிரமாகப் பெருகி, இல்லாத நோயைக் காட்டும்.

இன்னொன்று: காய்ச்சலோ தொந்தரவோ இல்லாத நாளில் 'எதற்கும் ஒரு கல்ச்சர்' எடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் குழந்தையின் சிறுநீரில் கிருமி சும்மா இருப்பதுண்டு. அதற்கு வைத்தியம் தேவையில்லை, செய்தால் கெடுதல்தான்.

இப்போதைக்குக் குழந்தைகள் மருத்துவரிடம் அழைத்துப் போய் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று காய்ச்சலின் கதையையும் சொல்லி, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். அதில் வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சிறுநீர் போவதற்கு முன்பும் பின்பும் பார்த்தால் பையில் எவ்வளவு தங்குகிறது என்றும் தெரிந்துவிடும். சில குழந்தைகளுக்குப் பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிப் பாயும். அதை ரிஃப்ளக்ஸ் என்போம், ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்போம். லேசானது பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் குழாய் போட்டு எடுக்கும் எக்ஸ்ரேயும், தழும்பைக் காட்டும் டிஎம்எஸ்ஏ ஸ்கேனும் இருக்கின்றன. இவற்றை இணையத்தில் படித்துவிட்டு நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். அல்ட்ராசவுண்டில் ஏதாவது தெரிந்தாலோ, காய்ச்சலோடு தொற்று நிரூபணமாகித் திரும்ப வந்தாலோ மருத்துவர் சொல்வார்.

நீங்கள் சாதாரணமாக எழுதிய இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான்: மலம் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, கடைசி நேரத்தில் ஓடுவது, ஜட்டியில் சில சொட்டு ஈரம். மலக்குடல் நிரம்பிக் கிடந்தால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். பை முழுதாகக் காலியாகாது, தேங்கும் சிறுநீரில் கிருமி வளரும். மகள் விளையாடும்போது கவனித்துப் பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பவள் சட்டென்று குத்தவைத்து, ஒரு குதிகாலை அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் அரை நிமிடம் அப்படியே இருப்பாள். அப்புறம் எழுந்து மறுபடி ஓடுவாள். அவள் சிறுநீரை அடக்குகிறாள். "போகணுமா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். கேட்காமல், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள்.

பெரியவர்களின் டாய்லெட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் அந்தரத்தில் தொங்க உட்கார்ந்தால் குழந்தை விழாமல் இருக்கத்தான் பார்க்கும், தசை தளராது. காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள். குழந்தைகளுக்கான இருக்கை வளையம் வையுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். மலச்சிக்கலுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தைச் சில மாதம் தொடர வேண்டியிருக்கும். நான்கு நாளில் மலம் இளகியது என்று நிறுத்தினால் பழைய நிலைக்கே திரும்பும். பள்ளியில் கேட்டவுடன் கழிவறைக்கு விட வேண்டும் என்று ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். மலச்சிக்கலும் அடக்கும் பழக்கமும் சரியானாலே பல குழந்தைகளுக்குத் தொற்று திரும்புவது குறைந்துவிடுகிறது, எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லாமல்.

வீட்டில் 7 மாத மகன் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் உங்கள் கை வைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றே சிறுநீர் பார்க்க வேண்டும். முதல் வயதுக்குள் ஆண் குழந்தைகளுக்கும் சிறுநீர்த் தொற்று தாராளமாக வரும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது மட்டுமே அடையாளமாக இருக்கலாம். அவன் சிறுநீர் போகும்போது ஒருமுறை நின்று பாருங்கள். வீச்சாகப் பீய்ச்சினால் நிம்மதி. சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கிப் போகிறான் என்றால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும், பாதையில் அடைப்பு இருக்கலாம். மகளுக்கு ரிஃப்ளக்ஸ் இருப்பது தெரியவந்தால் தம்பியைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள், உடன்பிறந்தவர்களுக்கும் அது இருப்பதுண்டு.

மருத்துவரிடம் போகும்போது ஒரே ஒரு தாள் போதும். மூன்று காய்ச்சலும் எந்தத் தேதியில் வந்தன, எத்தனை டிகிரி, எந்த சிரப், எத்தனை வேளை கொடுத்தீர்கள். நினைவுக்கு வரும்வரை எழுதுங்கள். திட்டுவாரோ என்று சிரப் கொடுத்ததை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.