குழலுக்கும் சின்த் பேடுக்கும் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: 5 கட்டைக் குழல் (ஜி-தான் ஸட்ஜம்) வாசிக்கிறேன். கணினியில் ஜி மேஜர் கார்டை நீண்ட சின்த் பேடாக (சின்தசைசரில் இடைவிடாமல் ஒலிக்கும் பின்னணி) ஓடவிட்டு, அதன்மேல் மோகனம் வாசித்துப் பதிந்தேன். சுருதி சேராத மாதிரியே கேட்கிறது. பிட்ச் கரெக்‌ஷன் (சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள்) போட்டால் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, செத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பிட்ச் கரெக்‌ஷனைக் கழற்றுங்கள். குற்றம் குழலில் இல்லை, பேடில்.

கீபோர்டின் அந்தர காந்தாரம் (மோகனத்தின் ‘க’) ஸட்ஜத்திலிருந்து சரியாக 400 சென்டில் நிற்கும் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). தம்பூராவில் பழகிய காது, கார்வையில் (சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது) 386-க்குப் பக்கத்தில் போய் உட்காரும். ஸட்ஜம் 392 ஹெர்ட்ஸ் என்றால், இந்த இரண்டு காந்தாரமும் நொடிக்கு ஏறக்குறைய 4 முறை மோதும். உங்களை உறுத்துவது அந்த அதிர்வுதான். கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடுங்கள். ஸட்ஜமும் பஞ்சமமும் போதும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான். வெறுமையாக இருந்தால் ரிஷபம் சேர்க்கலாம், அதன் 4 சென்ட் யாரையும் உறுத்தாது.

அடுத்தது அறைச் சூடு. சத்தம் விழக்கூடாதென்று ஏசி, ஃபேன் இரண்டையும் அணைத்திருப்பீர்கள் (மே மாதச் சென்னையில் அது தவம்). ஒரு டிகிரி ஏறினால் குழலின் சுருதி 3 சென்ட் வரை ஏறும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் 10 நொடி ஸட்ஜத்தைப் பிடித்துப் பதியுங்கள். ட்யூனரில் அது எங்கே நிற்கிறதோ, அங்கே சின்த்தின் ஃபைன் ட்யூனை நகர்த்துங்கள்.

ரிவர்ப் (அறை எதிரொலி) இரண்டுக்கும் ஒன்றே இருக்கட்டும், ஒரே அறையில் ஒலிப்பது போலிருக்கும். குழலுக்கு மட்டும் 30 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (ரிவர்ப் தொடங்கும் முன் சிறு தாமதம்) கொடுத்தால் மூச்சு முன்னால் நிற்கும்.

அந்த 10 நொடி ஸட்ஜத்தை அழித்துவிடாதீர்கள். அதையே கிரானுலர் ப்ளக்-இன்னில் (ஒலியைத் துணுக்குகளாக்கி நீட்டும் மென்பொருள்) 8 மடங்கு இழுத்து, ஒரு ஸ்தாயி இறக்கிப் பாருங்கள். உங்கள் குழலே பேடாகிவிடும், சுருதிச் சண்டையே வராது. நான் இப்போதெல்லாம் சின்த்தைத் தொடுவதே குறைவு. ஒன்று மட்டும்: இழுக்கும் முன் முதல் ஒரு நொடியை வெட்டிவிடுங்கள். ஊதத் தொடங்கும் அந்தக் காற்று நீண்டால் குக்கர் விசில் வரப்போகிறது என்றே தோன்றும்.