மன்னாரா, மண்டபமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மண்டபம் அகதிகள் முகாமில் எனக்கு அக்கா மாதிரி ஒருவர் இருக்கிறார், 1990-இல் இலங்கையின் மன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். 'ஆஸ்பத்திரி, படிப்பெல்லாம் அங்கேதான் மேல், திரும்பிப் போய்விடலாமா' என்று கேட்கிறார். என் மகனோ, 'சாப்பாட்டுக்கு வழியில்லாமல்தானே 2022-இல் அங்கிருந்து ஆட்கள் படகேறி வந்தார்கள்' என்கிறான். யார் சொல்வது சரி?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள், சகோதரி. ஐ.நா. ஆண்டுதோறும் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து நாடுகளுக்கு ஒரு குறியீடு போடுகிறது. 2025 அறிக்கையில் இலங்கை 89-ஆவது இடம், இந்தியா 130-ஆவது. நாடே திவாலாகி எழுந்த பிறகும் நம்மைவிட நாற்பது இடம் முன்னால் நிற்கிறார்கள் என்றால், அது நேற்றைய பணத்தால் வந்தது இல்லை. 1945-இலேயே படிப்பை இலவசமாக்கினார்கள், 1950-களிலேயே ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதை நிறுத்தினார்கள், பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அந்தப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அங்கேயே இருந்தன. மருந்துதான் தட்டுப்பாடு, டாக்டர்களும் நிறையப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள்.

ஆனால் அக்கா இந்தியா முழுவதையும் வைத்து ஒப்பிட வேண்டாம், அவர் இருப்பது தமிழ்நாட்டில். 2020 கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இலங்கையில் அது ஒற்றை இலக்கம், ஆக அவர்கள் இன்னும் முன்னால்தான், இடைவெளி மட்டும் பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது. அதேபோல இலங்கையின் சராசரி என்பது கொழும்பையும் சேர்த்துப் போட்டது, மன்னார் கொழும்பு இல்லை. 2009 வரை போர் நடந்த வடக்கு அது. நம் ராமநாதபுரம் மாவட்டத்திலும் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் வந்தது, அதற்கு முன்னால் பெரிய வியாதி என்றால் ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர் மதுரைக்கு ஓடியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைசியில் இருக்கிற கடற்கரைக்கு எந்த நாட்டிலும் எல்லாம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது, எனக்கு இது தீராத வருத்தம்.

உங்கள் மகன் சொன்ன 2022-ஐயும் லேசாக விட முடியாது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே சொன்னது, செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடியிருந்தது. மாதச் சம்பளக்காரரே தடுமாறினார் என்றால் தினக்கூலிக் குடும்பம் என்ன செய்யும்? தனுஷ்கோடி பக்கம் அரிச்சல்முனை மணல்திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களை நம் மீனவர்களே பார்த்தார்கள். இப்போது விலை ஏறுவது அடங்கிவிட்டது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை.

அக்காவுக்கு என் பதில் இந்த எண்களில் இல்லை. அவருக்கு இங்கே குடியுரிமை கிடையாது. 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. பிள்ளைகள் மண்டபத்திலேயே பிறந்திருந்தாலும் ஓட்டு, இந்திய பாஸ்போர்ட், அரசு வேலை எதுவும் கிடைக்காது. அங்கே போனால் அவர் அந்த நாட்டுப் பிரஜை, என்னைக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. அதனால் போக நினைப்பது தப்பில்லை, ஆனால் அவசரப்பட்டுப் போக வேண்டாம், படகில் போகவே வேண்டாம். முதலில் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்து குடியுரிமைப் பத்திரம் வாங்கட்டும். மன்னாரில் அவர்கள் காணி யார் கையில் இருக்கிறது என்று சொந்தக்காரர்களிடம் விசாரிக்கட்டும். பிள்ளை இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் முடித்த பிறகு போகலாம், ஏனென்றால் அங்கே பல்கலைக்கழகம் இலவசம்தான், இடம் ரொம்பக் குறைவு, தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பகுதிக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: நம் ஒரு ரூபாய்க்கு இலங்கையில் மூன்று ரூபாய்க்கு மேல் தருகிறார்கள். அப்போது நாம் மூன்று மடங்கு வசதி என்று சொல்லலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: சொல்லக் கூடாது. நம் ஒரு ரூபாய் கொடுத்தால் ஜப்பானில் ஒரு யென்னுக்கு மேல் கிடைக்கிறது, அதற்காக ஜப்பான்காரர் நம்மைவிட ஏழையா? டாலரில் கணக்கிட்டால் தலைக்கு வருமானம் இலங்கையில்தான் அதிகம். ஒரு நாள் கூலியில் எத்தனை கிலோ அரிசி வாங்க முடிகிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

கேள்வி: மீனவன் வாழ்க்கை எந்தக் கரையில் நன்றாக இருக்கிறது?
- வாசகர், பாம்பன்

பதில்: இந்தக் கேள்விக்கு எந்த அறிக்கையும் உதவாது, ஏனென்றால் இரண்டு கரைக்கும் கடல் ஒன்றுதான். போர்க்காலத்தில் வடக்கு மீனவர் வருஷக்கணக்கில் கடலுக்கே போக முடியவில்லை, மறுபடி இறங்கியபோது கையில் இருந்தது சின்னப் படகும் நைலான் வலையும். நம் விசைப்படகுகளின் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் பெரிய வலை, அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது, இதைச் சொன்னால் இங்கே கோபம் வரும், ஆனாலும் உண்மை. 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் ஆட்களோ ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடன் வாங்கி டீசல் போட்டுப் போகிறார்கள், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் ஆள் திரும்பி வந்தாலும் படகு வருவதில்லை. அவர்கள் வலையை இழக்கிறார்கள், நாம் படகை இழக்கிறோம். ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற வேண்டும் என்று பல வருஷமாகப் பேச்சு நடக்கிறது, மாறுவதற்கான செலவைக் கூலி மீனவன் தலையில் கட்டாமல் அரசு ஏற்றால்தான் அது நடக்கும்.